பிள்ளை திறக்கக்கூடிய கதவு

எங்கள் பக்கத்தில் தன் பிள்ளையை உழவு மிசினின் மட்காட்டில் இருத்தி வயலுக்குக் கொண்டுபோகாத தகப்பன் ஒரே ஒருவர்தான். அது என் மனுசன். விதைப்புக் காலத்தில் கண்டாவளைப் பக்கம் வந்து பாருங்கள். மிசின் சேற்றில் குலுங்கிக் குலுங்கிப் போகும். பெரிய சில்லுக்கு மேலே மூன்று, நாலு வயதுப் பிள்ளை ஒன்று கம்பியைப் பிடித்தபடி ராசா மாதிரி இருக்கும். தகப்பன் திரும்பியும் பார்க்கமாட்டான். எங்களிடமும் ஒரு மிசின் இருக்கிறது, அதை வைத்துத்தான் சீவியம். மகள் அதில் ஏறியிருந்து எவ்வளவு கத்தினாலும், அவளை இறக்கி என் கையில் தந்துவிட்டுத்தான் அவர் சாவியைப் போடுவார்.

"விழுந்தால் பிள்ளை சில்லுக்குள்ளைதான் போகும்" என்பார். கூட்டாளிமார் பயந்தாங்கொள்ளி என்று நக்கலடிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

மகள் தவழத் தொடங்கிய மாதமே கிணற்றுக்கட்டுக்கு மேலே கம்பிவலை அடித்துவிட்டார். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பிள்ளைகள் சோடா என்று நினைத்துக் குடித்துவிடும் என்று தகரக் கானில் ஊற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார். களைக்கு அடிக்கிற மருந்தெல்லாம் இரும்புப் பெட்டிக்குள், பெட்டிக்குப் பூட்டு, பூட்டின் திறப்பு அவருடைய அரைஞாண் கயிற்றில். குசினியில் அடுப்புக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு பலகை. நான் சுடுதண்ணியைத் தூக்கிக்கொண்டு நடந்தால், "பிள்ளை எங்க? பிள்ளை எங்க?" என்று விறாந்தையில் இருந்தே குரல் வரும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமை. இப்படி ஒருவர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் பிள்ளை சாகப் பார்த்தது கவனமில்லாத ஒரு தகப்பனால் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்துக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு பங்கர் இருந்தது. ஷெல் வரும்போது பதுங்குவதற்காக நிலத்தைத் தோண்டி மேலே குற்றி அடுக்கிய குழி. சண்டைக் காலத்தில் வன்னியில் பங்கர் இல்லாத வீட்டு வளவு இல்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த சனம் முதல் வேலையாக அவற்றை மூடியது. சிலர் குப்பையைக் கொட்டினார்கள், சிலர் மேலே தென்னம்பிள்ளை நட்டார்கள். இந்த வளவில் மட்டும் மூடவில்லை. என் மனுசனின் தகப்பன், மாமா, இருந்தவரைக்கும் அவர் மூடவில்லை. மாமாவும் மாமியும் போனபிறகு என் மனுசன் உக்கின பனங்குற்றிகளை எடுத்து எறிந்துவிட்டுப் புதுக் குற்றி போட்டார். குற்றிக்கு மேலே தகரம், தகரத்துக்கு மேலே மண். வருடா வருடம் படிகளைச் செதுக்கிச் சரிபண்ணுவார். கலியாணம் கட்டி வந்த புதிதில் நான் அதைக் கோழிக்கூடு என்று நினைத்தேன். கோழி எங்கே என்று கேட்டும் விட்டேன்.

நான் வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. என் தகப்பனின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்டு, காடு வெட்டிக் குடியேறினவர்கள். நாங்களும் பட்டிருக்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடைசிச் சண்டை எங்கள் தலைக்கு மேலே நடக்கவில்லை. தூரத்தில் இருந்து சத்தத்தைக் கேட்டோம், அவ்வளவுதான். பங்கருக்குள் இருந்து வளர்ந்தவருக்கும் சத்தத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவளுக்கும் ஒரே வீட்டில் சீவியம். அது எப்படியான சீவியம் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவர் தன் அக்காவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் இருந்தார். எந்தக் கதையும் இல்லாமல் திடீரென்று தொடங்கினார்.

"எல்லாரும் ஓடி உள்ளுக்கை வந்திட்டம். அக்கா அடுப்பில கஞ்சி கிடக்கு, அடிப்பிடிச்சிடும் எண்டு திரும்பிப் போனவா. பானையை இறக்கிப்போட்டு வாறன் எண்டவா. வரேல்ல."

அவ்வளவுதான். நான் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டார். அந்தக் குசினி இருந்த இடத்தில்தான் இப்போது எங்கள் குசினி இருக்கிறது. அதற்குப் பிறகு கஞ்சி வைக்கிற நாட்களில் எனக்கு முதுகு கூசும். பின்னால் யாரோ வந்து பானை இறக்கப் பிடிதுணியைத் தேடுகிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு பங்குனி வெயிலில் மகளைத் தூக்கிக்கொண்டு நானும் அந்தப் பங்கருக்குள் இறங்கினேன். உள்ளே நல்ல குளிர். மண் மணத்தது. மூலையில் பழைய மண்மூட்டை ஒன்று கிடந்தது. அந்த நாளில் சாக்குத் தட்டுப்பாடு, சனம் சேலையைத் தைத்து மண் நிரப்பியது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் கண்டேன். நீலக்கரைச் சேலை. மாமியின் சேலையாக இருக்கவேண்டும். சுவரில் தாழ்வாக, வரிசை இல்லாமல் சின்னச் சின்ன ஓட்டைகள். பூச்சி துளைத்தது என்று நினைத்தேன். மகள் தன் விரலை ஒரு ஓட்டைக்குள் விட்டாள். லேசாக உள்ளே போனது. அப்போதுதான் அது பூச்சி துளைத்தது இல்லை என்று தெரிந்தது. சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு சின்னப் பையன் விரலால் கிண்டிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

மகளுக்கு நடை பழக்கியதும் நான். பேச்சுப் பழக்கியதும் நான். ஓடப் பழக்கியது அவர். பின்னேரங்களில் வேலையால் வந்து, வெறும் பால்மா டின்னைத் தடியால் ஓங்கி அடிப்பார். மகள் எந்த விளையாட்டில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுப் பங்கருக்கு ஓடவேண்டும். படியால் இறங்க வேண்டும். குப்புறப் படுக்க வேண்டும். இரண்டு கையாலும் காதைப் பொத்த வேண்டும். வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காது வெடித்துவிடும். ஒன்றையும் எடுக்கத் திரும்பி வரக்கூடாது, பொம்மையானாலும் செருப்பானாலும்.

"திரும்பி வரப்பிடாது. என்ன?"

"திரும்பி வரப்பிடாது" என்று மகளும் சொல்லுவாள். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்கு அது விளையாட்டு. அவர் சிரிக்கமாட்டார். அவள் ஓடுகிற வேகத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

என்ன கண்றாவி இது என்று நான் கேட்டேன். சண்டை முடிந்து எவ்வளவு காலம் என்று கேட்டேன். "எங்களுக்கும் உப்பிடித்தான் சொன்னவை, இனி வராது எண்டு" என்றார். விளையாட்டுத்தானே, பிள்ளை நாலு சுற்று ஓடட்டும், பசி எடுக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஊர் அம்மன் கோயில் திருவிழா வந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கடலை கொறித்துக்கொண்டு நின்றாள். அவர் ஆம்பிளைகள் பக்கம் தள்ளி நின்றார். சாமி வெளிவீதிக்கு வந்ததும் வெடி கொளுத்தினார்கள். முதலாவது வெடிக்கே பிள்ளை என் கையை உதறிக்கொண்டு பாய்ந்தாள். சனத்தின் கால்களுக்கு இடையால் புகுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினாள். தேடினாள். பங்கர் கிடைக்கவில்லை. வீதி நடுவில் மணலில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தபடி கிடந்தாள். புதுப் பாவாடை, கழுத்தில் முத்துமாலை, அந்தக் கோலத்தில்.

பக்கத்தில் நின்ற இளம் பெடியள் சிரித்தார்கள். நடுவயதுப் பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். இன்னொருத்தி, எனக்கு முகப்பழக்கம்கூட இல்லாதவள், குனிந்து என் பிள்ளையின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "தலையைத் தூக்காதை குஞ்சு" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது போல. கையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது அவர் முன்னால் இருந்து சொன்னார்: "பாத்தியே, பிள்ளை மறக்கேல்ல."

அவருடைய குரலில் சந்தோசம் இருந்தது. கோபம் வந்தால் எனக்குத் தாய்வீட்டுப் பேச்சு தானாக வந்துவிடும்.

"ஆமா, ரொம்பப் பெருமைதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். உங்க பேயைப் புடிச்சு எதுக்குங்க எம் புள்ள தலையில ஏத்துறீங்க?"

அவர் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் பேயைக் கண்டனான்" என்றார்.

பிறகு மறுபடி சைக்கிளை எடுத்தார். மகள் நடுவில் நித்திரையாகிவிட்டாள்.

ஆவணியில் மிஸ் வந்தா. கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் வீடு வீடாகப் பார்க்கிற மருத்துவமாதுவை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவது. பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை வாய்க்காலில் போய்விட்டது, அதனால் எல்லா வீட்டையும் ஒருக்கால் பார்த்து வருகிறேன் என்றா. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடியே கண்ணால் வீட்டை அளந்தா. கிணற்று வலையைப் பார்த்தா, அலுமாரிக்கு மேலே இருந்த மண்ணெண்ணெய்க் கானைப் பார்த்தா, பூட்டுப் போட்ட பெட்டியைப் பார்த்தா. "தம்பி, உங்களைப் போல நாலு தகப்பன்மார் இருந்தால் எனக்கு வேலை இல்லை" என்று சொல்லிச் சிரித்தா. என் மனுசன் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒண்டு மட்டும் ஞாபகம் வச்சிருங்கோ" என்று மிஸ் என்னைப் பார்த்துச் சொன்னா. "தண்ணிக்குள்ளை தாழுற பிள்ளை சத்தம் போடாது. படத்தில வாற மாதிரிக் கையைக் காலை அடிச்சுக் கூப்பிடும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கக் கூடாது. வீடு அமைதியாக் கிடந்தால்தான் எழும்பிப் பாக்க வேணும்."

போகும்போதுதான் வேப்பமரத்தடி மண்மேட்டைக் கண்டா. அது என்ன என்று கேட்கவில்லை. அவவும் இந்த மண்ணில் பிறந்தவதானே. கிட்டப் போய்க் குனிந்து படிகளைப் பார்த்தா.

"மாரிக்குத் தண்ணி நிக்குமே?"

"சுத்திவர வரம்பு கட்டியிருக்கிறன் மிஸ். மழைத் தண்ணி உள்ளுக்கை போகாது."

"மேலால போகாது. கீழால ஊறும்."

அவர் வரம்பின் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார்.

"மூடுங்கோ தம்பி. நாங்களும் கன காலம் மூடாமல்தான் வச்சிருந்தனாங்கள்" என்றா. பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை உருட்டினா.

அன்றைக்கு நான் விடவில்லை. "ஊறினால் எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டேன். "நாங்கள் இடுப்பளவு தண்ணியிலயும் இருந்தனாங்கள்" என்றார். "ஆரின்ர இடுப்பு? உங்கட இடுப்போ, பிள்ளையின்ர இடுப்போ?" என்றேன். அவருடைய முகம் கறுத்துவிட்டது. மூடச் சொல்லி மூன்று நாள் சமைக்காமல் கிடந்தேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். மூடமாட்டார், வாசலுக்குக் கதவு போடுவார்.

கதவு செய்தபோது நான் பக்கத்தில் நிற்கவில்லை, கோபத்தில் இருந்தேன். நல்ல கதவுதான். இலேசான பலகை, புதுப் பிணைச்சல், மழை இறங்காமல் விளிம்பில் ரப்பர். முடிந்ததும் மகளைக் கூப்பிட்டார். நான் குசினி யன்னலால் பார்த்தேன். மகள் ஓடிவந்து ஒற்றைக் கையால் தள்ளினாள். திறக்கவில்லை. அவர் பிணைச்சலைக் கழற்றி எண்ணெய் போட்டு, பலகையின் ஓரத்தைச் சீவிவிட்டு மறுபடி பொருத்தினார். மகள் தள்ளினாள். இந்தத் தடவை திறந்தது. அவர் அவளைத் தூக்கிக் கொஞ்சினார்.

"பிள்ளை தானாத் திறக்கக் கூடியதா இருக்கவேணும்" என்று எனக்குச் சொன்னார். "நாங்கள் பக்கத்தில இல்லாமல் போனால்?"

இதை எழுதும்போதும் எனக்கு அந்த ஓரம் சீவின சத்தம் கேட்கிறது. உலகத்தில் எல்லாத் தகப்பன்மாரும் பிள்ளை திறக்கக்கூடாது என்றுதான் கதவு போடுவார்கள். இவர் பிள்ளை திறக்கவேண்டும் என்று கதவு போட்டார். அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாய்க்கால் நிரம்பியது, வயல் நிரம்பியது, கிணற்றுத் தண்ணி கையால் அள்ளுகிற உயரத்துக்கு வந்தது. மழையோடு டின் விளையாட்டும் நின்றுபோனதால், பங்கருக்குள் எவ்வளவு நிற்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. கதவு மூடித்தானே கிடக்கிறது என்று நானும் என் வேலையைப் பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானம் மிசினுக்கு ஏதோ பெல்ட் வாங்க அவர் பரந்தனுக்குப் போயிருந்தார். மழை விட்டிருந்தது. வானம் மட்டும் கறுத்துக் கிடந்தது. மகள் விறாந்தையில் பாயில் இருந்து, உடைந்த கலர்ப் பென்சிலால் யானை கீறிக்கொண்டிருந்தாள். தனக்குத்தானே யானையோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடி விழுந்தது. எங்கள் வளவுக்குள்ளேயே விழுந்த மாதிரி. குசினித் தகரம் அதிர்ந்தது, அடுக்கில் இருந்த சட்டி மூடி உருண்டு கீழே விழுந்தது. "அம்மாடி" என்று நெஞ்சில் கையை வைத்தேன். மூடியை எடுக்கக் குனிந்தேன். குனிந்தபோதுதான் யானைக் கதை நின்றுவிட்டது என்று உறைத்தது.

விறாந்தையில் பாய் கிடந்தது. பென்சில் கிடந்தது. செருப்பு இரண்டும் வாசலில் கிடந்தன. செருப்பைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எதையும் எடுக்கத் திரும்பி வரக்கூடாது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே மண்நிறத் தண்ணி, மேல்படிக்குச் சற்றுக் கீழ்வரை. ஒரு சத்தம் இல்லை. ஒரு நீர்க்குமிழிகூட இல்லை. வேப்பஞ்சருகு மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. படியில் கால் வைத்ததும் வழுக்கி நெஞ்சளவு தண்ணிக்குள் விழுந்தேன். கையை வீசினேன். சேலை மூட்டை தட்டுப்பட்டது, சுவர் தட்டுப்பட்டது. மறுபடி வீசினேன். சட்டைத் துணி தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தேன்.

குப்புறத்தான் கிடந்தாள். அவள் கையைக் காலை அடித்திருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மிஸ் சொன்னதால் இல்லை. அவளுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தது. கீழே போ, குப்புறப் படு, வாயைத் திறந்து வைத்திரு.

படியில் போட்டு முதுகில் தட்டினேன். என்ன செய்யவேண்டும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு தட்டினேன். தண்ணியைக் கக்கினாள். பிறகு இருமினாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு இனிமையான சத்தத்தை நான் பிறந்து இதுவரைக்கும் கேட்டதில்லை. என் அலறலைக் கேட்டு வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் தண்ணி போயிருக்கும், மறித்து வைத்துப் பார்க்கவேண்டும் என்று படுக்கவைத்தார்கள். தாதி பேனையை எடுத்துக்கொண்டு கேட்டா: "பிள்ளை எப்பிடி விழுந்தது?"

"விழேல்ல" என்றேன். "ஓடிப் போனது."

தாதிக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவும் இல்லை.

அவர் பரந்தனில் இருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். உடம்பு முழுக்கச் சேறு. வழியில் எங்கேயோ மோட்டார் சைக்கிளோடு விழுந்திருக்கவேண்டும். வாங்கின பெல்ட் இன்னும் தோளில் தொங்கியது. வரட்டும், வரட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாய் நிறையச் சொல் வைத்திருந்தேன். கண்ணகி மதுரையை எரித்த மாதிரி அன்றைக்கு அந்த வார்ட்டை எரிக்கிற அளவுக்கு இருந்தது எனக்கு.

மகள் அவரைக் கண்டதும் கண்ணை அகல விரித்தாள். குரல் கரகரத்தது.

"அப்பா, நான் கெதியா ஓடினனான்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்தார்.

"செருப்பும் எடுக்கேல்ல" என்றாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. பெல்ட் நழுவிக் கீழே விழுந்தது. எழுந்து போய் அவருடைய முதுகில் கையை வைத்தேன். அழுகிற மனுசனை எப்படி எரிப்பது?

வீட்டுக்கு வந்த அன்றே தண்ணிப் பம்பைப் பொருத்திப் பங்கருக்குள் நின்ற தண்ணியை இறைத்தார். அயல் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தண்ணி வற்றியதும் உள்ளே இறங்கினார். நேரம் போனது. ஆளைக் காணவில்லை. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். எனக்குப் பயம் வந்தது. ஒளிப்பானேன், அவர் மேலே வரவேமாட்டார் என்றுதான் நினைத்தேன். அங்கே அவருக்குக் கூட இருக்க, போய்ச் சேர்ந்த ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். இங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

"இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டேன். இன்னொருமுறை கூப்பிட்டேன்.

வந்தார். கையில் நீலக்கரைச் சேலைத் துண்டு இருந்தது. அதை வைத்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து அதைத் திரும்பவும் உள்ளேயே போட்டார். பிறகு மண்ணைத் தள்ளத் தொடங்கினார். கதவைக் கழற்றி, கோடாலியால் பிளந்து விறகோடு போட்டார். நான் அந்த விறகை அடுப்பில் வைக்கவில்லை. மழையில் கிடந்து உக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூடி முடித்துக் கால் கழுவிக்கொண்டு வந்தவரை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு முன்னால் குந்தினார்.

"பிள்ளை, இனிப் பங்கர் இல்லை. அங்க போகக் கூடாது. என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப வெடிச்சால் நாங்கள் எங்க போறது?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இந்த நாட்டில் அதற்கு யாரிடம் பதில் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. ஆனால் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறது.

"என்னட்ட ஓடி வா" என்றேன். "அம்மா எங்க நிண்டாலும் அங்க ஓடி வா."

ஒரு தடவை பழகினதைப் பிள்ளையின் காலில் இருந்து கழற்றுவது லேசு இல்லை. பால்மா டின்னை இப்போது நான் தட்டினேன். முதல் நாட்களில் அவள் வேப்பமரத்தடிக்கே ஓடினாள். மூடிய மண்ணுக்கு மேலே போய்க் குப்புற விழுந்தாள். வெட்டவெளியில், மரத்துக்குக் கீழே. உண்மையான இடி இடிக்கும்போது அப்படிக் கிடந்தால் என்ன ஆகும்? தூக்கிவந்து மறுபடி தட்டுவேன். அவர் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சத்தத்துக்கு அவருடைய உடம்பும் துள்ளும். அதை அவர் மறைக்கப் பார்ப்பார்.

நிரப்பின மண் ஒவ்வொரு மழைக்கும் இறங்கியது. இறங்கும்போது பழைய வடிவத்திலேயே இறங்கியது. நீளமாக, முனையில் ஒரு வளைவோடு. அந்த வடிவத்தில் தண்ணி தேங்கி நிற்கும். காலையில் கதவைத் திறந்தால் வளவுக்குள் பங்கர் படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். அவர் ஒன்றும் பேசாமல் மண் கொண்டுவந்து போடுவார். அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும்.

அது நடந்து ஒரு வருடம் கழித்து, போன மாரியின் முதல் இடி ஒரு பின்னேரம் வந்தது. நான் குசினி வாசலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன், மகள் பின்வளவில் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டு நின்றாள். வானம் பிளந்த மாதிரி ஒரு சத்தம். நான் எழும்ப முதலே தவிட்டுக் கோப்பை விழுகிற சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம். வேப்பமரத்தைத் தாண்டி வந்தது. நிற்காமல் வந்தது. மடித்த உடுப்புக்கு மேலேயே வந்து விழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அவளை இறுக்கிப் பிடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் பின்முற்றத்தில் நின்றார். மழை தொடங்கியிருந்தது. வேப்பமரத்தடியைப் பார்த்தபடி, நனைந்துகொண்டு, ஒரு காலை முன்னுக்கு வைத்துவிட்டு நின்றார். முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. சின்னப் பையனின் முகமாக இருந்தது. இரண்டாவது இடி இடித்தது. அவர் மற்றக் காலையும் எடுத்து வைத்தார்.

என்னால் கூப்பிட முடியவில்லை. மகள்தான் என் தோளில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, அங்க இல்லை" என்றாள். "இஞ்ச."